பெயர் எழுதாத பெட்டி

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிப்பட்டில் விடியற்காலையிலேயே இரண்டு ஓசைகள் கேட்கத் தொடங்கிவிடும். ஒன்று, கோயில் ஒலிபெருக்கியில் எழும் திருப்பாவை. மற்றொன்று, தறிகளின் இடைவிடாத சடசடப்பு. ஆண்டாள் தம் தோழியரை எழுப்புவதற்கு முன்பே எங்கள் ஊர்த் தறிகள் நெசவாளிகளை எழுப்பிவிடுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருள் பிரியாத அந்த வேளையில் ஏதாவது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் காகித நட்சத்திரம் ஒன்று சிவப்பாக ஒளிவிட்டுக்கொண்டிருக்குமானால், அது கிறிஸ்தவர் இல்லம் என்று அறிந்துகொள்ளலாம். அத்தகைய இல்லங்கள் இங்கே அதிகம் இல்லை.

பள்ளிப்பட்டை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. கொசஸ்தலை ஆற்றங்கரையில், நகரி மலைகளின் பக்கத்தில் உள்ள எல்லைப்புற ஊர் இது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து, அப்போது சென்னை ராஜ்யம் என்று வழங்கிய நம் மாநிலத்தோடு சேர்ந்த பகுதி. ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் கேட்கும். டிசம்பர் கடைசியில் எங்கள் ஜனங்களின் நினைவெல்லாம் திருத்தணிகை மலைமேல் இருக்கும். 31-ஆம் தேதி இரவு 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் திருப்படித் திருவிழாவுக்குப் போகாத வீடு குறைவு. இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். நானே ஒரு காலத்தில் கேட்டவன்தான். நான் கிறிஸ்தவன் அல்லன்.

அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்று பிற்பகலில்தான் பள்ளிக்கூடங்களில் இந்தப் பண்டிகை நடக்கும். வாசலில் நட்சத்திரம், மூலையில் வைக்கோலால் வேய்ந்த மாட்டுக் கொட்டில், அதன் கூரைமேல் பஞ்சுத் திட்டுகள். பள்ளிப்பட்டில் பனி உறைந்து விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் பஞ்சு ஒட்டாவிட்டால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. டிரில் மாஸ்டர் வெள்ளைத் தாடி கட்டிக்கொண்டு மிட்டாய் எறிவார். பிறகு தலைமையாசிரியர் உரை, கேக், பாட்டு. இவ்வளவும் சந்தோஷந்தான். இவற்றின் நடுவே "ஏழை மாணவர்களுக்கு உதவி வழங்கல்" என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியே இங்கே எழுத எண்ணுகிறேன்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், நான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அந்தப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பட்டதாரி என்ற மிடுக்கு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒவ்வொரு வகுப்பாக விசாரித்துப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். பெயர், வகுப்பு, தகப்பனார் தொழில், குடும்ப வருமானம் எல்லாம் கோடு போட்ட தாளில் அழகாக எழுதினேன். ஊர்ப் பிரமுகர் ஒருவர் துணிகள் வாங்கித் தந்தார். மேடையில் பெயர்களை நானே வாசித்தேன். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை மேடைக்கு வரவேண்டும். பிரமுகரிடமிருந்து துணியை வாங்க வேண்டும். வாங்கியபடியே போட்டோக்காரரை நோக்கித் திரும்ப வேண்டும். ஆறு பிள்ளைகள் அப்படியே செய்தார்கள்.

ஏழாவது பெயருக்கு யாரும் வரவில்லை. இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசித்தேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் இறங்கிப் போய்த் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்தப் பையன் குந்தியிருந்தான். "கூச்சப்படாதே, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கூச்சம் என்றுதான் எண்ணினேன். எடுத்த போட்டோவில் பிரமுகர் முகம் தெரிந்தது, என் முகம் தெரிந்தது; பையனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை அவனுடைய தாயார் வந்தாள். மடிப்புக் கலையாத அந்தத் துணியை என் மேஜைமேல் வைத்தாள். கோபமாகப் பேசவில்லை.

"துணி கொடுத்தது தப்புன்னு சொல்லலை, சார். அவங்க அப்பா தறியிலே நிக்கிறாரு. ஊருக்குத் துணி நெய்யறவர் பிள்ளையைப் பேர் சொல்லி மேடையிலே ஏத்தித் துணி கொடுத்தீங்க. நாளைக்கு அவர் தறிக்கூடத்துக்கு எப்படி சார் போவாரு?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. அவள் போன பிறகும் தோன்றவில்லை. பல மாதங்கள் அந்தத் துணி என் பீரோவிலேயே கிடந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கிடந்தது.

எங்களுடன் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் அழைப்போம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என்னைக் கண்டிக்கவில்லை. "தம்பி, எங்கள் கிறிஸ்துமஸ் கதையில் கொடுக்கிறவர்கள் யார், வாங்கிக்கொள்கிறவர் யார் என்று யோசித்துப் பார்த்ததுண்டா?" என்று மட்டும் கேட்டார்.

கதை எனக்குத் தெரிந்ததே. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளுடைய கணவன் ஒரு தச்சன், சத்திரத்தில் இடமில்லை, பிறந்த குழந்தையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். இது லூக்கா எழுதியது. முதல் செய்தி போனது அரண்மனைக்கு அன்று; இராத்திரியில் கிடை காத்திருந்த இடையர்களுக்கு. கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கிவிட்டு, வேறு வழியாக ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இது மத்தேயு எழுதியது. டீச்சரம்மா சொன்ன பிறகுதான் இதன் விசித்திரம் எனக்கு உறைத்தது. அந்தக் கொட்டிலில் கையேந்தும் நிலையில் கிடந்தது யார்? கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி, சாக்ஷாத் கடவுளே. கொடுக்க வந்தவர்கள் நின்றுகொண்டு கொடுக்கவில்லை, மண்டியிட்டுக் கொடுத்தார்கள்.

அதே மத்தேயுவின் நூலில் பின்னால் ஓர் இடம் உண்டு. கடைசித் தீர்ப்பு நாளில் அரசர், பசித்தவனுக்கு இட்டதும் ஆடையில்லாதவனுக்கு உடுத்தியதும் தமக்கே செய்தவை என்று சொல்வார். கொடுத்தவர்களுக்கோ, எப்போது கொடுத்தோம் என்பதே நினைவில்லை. தர்மம் செய்யும்போது ஒரு கை செய்வதை மற்றொரு கை அறியலாகாது என்பதும் அந்நூலின் போதனையே. "ஆண்டவரையா தம்பி மேடைக்கு இழுத்துவந்து போட்டோவுக்கு நிற்க வைத்தீர்கள்?" என்று டீச்சரம்மா மெல்லச் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டபடியால் தப்பினேன்.

நம் டிரில் மாஸ்டர் வேஷம் போடுகிறாரே, அந்தத் தாத்தாவின் பூர்வ கதையும் இதையேதான் சொல்லுகிறது. நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி தேசத்துக் கடற்கரையில் மைரா என்ற பட்டணத்தில் நிக்கொலாஸ் என்று ஒரு மேற்றிராணியார் இருந்தார். டிசம்பர் 6-ஆம் தேதி அவருடைய திருநாள். நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. நிக்கொலாஸ் இரவில் வந்து ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பைப் போட்டுவிட்டு மறைந்துவிடுவாராம். வாழ்ந்து கெட்ட அந்தத் தகப்பனார் தலைகுனியக் கூடாதே என்பதற்காக. இது கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் அந்த இருட்டையும் ஜன்னலையும் விட்டுவிட்டுத் தாடியையும் சிவப்புச் சட்டையையும் மட்டும் நாம் எடுத்துக்கொண்டோமே என்று நான் நினைப்பதுண்டு.

பள்ளிக்கூடம் என்ற விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனி தேசத்தில் ஹாலே நகரை ஒட்டிய கிளௌகா என்ற இடத்தில் பிராங்கே என்ற பாதிரியார் இருந்தார். தம் வீட்டில் ஏழைகளுக்காக ஓர் உண்டியல் மாட்டியிருந்தார். 1695-ஆம் வருஷம் யாரோ ஒருவர் அதில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டார். பெருந்தொகை அன்று. ஆனால் பிராங்கே இதைக் கொண்டு ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியே தீருவது என்று தீர்மானித்து, புத்தகங்கள் வாங்கி, ஓர் ஏழை மாணாக்கரை உபாத்தியாயராக அமர்த்தி, தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு 27 புத்தகங்கள் கொடுத்தாராம். திரும்பி வந்தவை 4. மற்றப் பிள்ளைகள் புத்தகத்தோடு மறைந்துவிட்டார்கள். உபாத்தியாயத் தொழிலில் உள்ளவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்; நம் காலத்தில் மட்டும் நடப்பதன்று இது! பிராங்கே மறுபடியும் புத்தகம் வாங்கினார். அந்த உண்டியலில் விழுந்த காசிலிருந்து அநாதை விடுதி, பள்ளிகள், அச்சகம், மருந்துச்சாலை என்று ஒரு சிறு பட்டணமே வளர்ந்தது.

அந்த ஹாலேயில் கற்றவரே நம் தரங்கம்பாடிக்கு 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் வந்து இறங்கிய சீகன்பால்கு. வந்த மறு வருஷமே அங்கே பள்ளிகளைத் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்போடு சோறும் துணியும் கொடுக்கப்பட்டன. ஹாலேயிலிருந்து 1710 முதல் தரங்கம்பாடிச் செய்திகள் அச்சாகி வந்தன. அவற்றைப் படித்த ஜெர்மானியர்கள் தங்களால் இயன்ற காசை அனுப்பினார்கள். தாம் அனுப்பிய காசில் சோறு உண்ட காவிரிக்கரைப் பிள்ளையின் முகத்தை அவர்கள் கண்டதில்லை; அந்தப் பிள்ளையும் அவர்களைக் கண்டதில்லை. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தபடி நடந்த தர்மம் அது.

இதற்கு மற்றொரு பக்கம் உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. மிஷன் பள்ளிகளில் கொடுத்த சோற்றுக்கும் படிப்புக்கும் பின்னால் மதமாற்றம் என்ற நோக்கம் இருந்தது என்பதும், நம் தெய்வங்களைக் குறைத்துப் பேசிய பாதிரிமார் இருந்தார்கள் என்பதும் பொய்யல்ல. எங்கள் திருத்தணியில் 1888-ஆம் வருஷம் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் இதற்கு நேர்ச் சாட்சி. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊர்ஹீஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று அவர் படித்தவை பெரும்பாலும் மிஷன் ஸ்தாபனங்கள். ஹிந்து மதத்தைப் பற்றி அங்கே கேட்ட கண்டனங்களே தம் மதத்தை ஊன்றி ஆராயத் தம்மைத் தூண்டின என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பாதிரிமார்கள் எதிர்பார்த்த பலன் அதுவாக இருந்திராது!

ஆனால் அவர் தத்துவம் படிக்கப் புகுந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தமக்கு இனி வேண்டாத தத்துவப் பாடப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புதிதாகப் புத்தகம் வாங்க வசதியில்லாத அந்த வாலிபர், கையில் உள்ள புத்தகத்துக்கு ஏற்ற பாடத்தை எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஜனாதிபதியாக விளங்கிய ஒரு தத்துவ ஞானி, பழைய புத்தகக் கட்டு ஒன்றிலிருந்து புறப்பட்டார். அதைக் கொடுத்தவர் மேடை போட்டாரா? கொடுப்பதில் ஏதோ ஒரு பெரிய காரியம் இருக்கிறதென்றுகூட நினைத்திருக்க மாட்டார்.

மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் ஒரு சம்பவத்தை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்திஜி, பெரிய ஹோட்டல்களை விட்டுவிட்டு, கிழக்கு லண்டனில் தொழிலாளிகள் வாழும் போ என்ற பகுதியில் கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். அதை நடத்தியவர் மியூரியல் லெஸ்டர் என்ற கிறிஸ்தவ மாது. அவருடைய சகோதரி டோரிஸ் அண்டையிலேயே சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். காந்திஜியின் பிறந்த நாள் அக்டோபர் 2 என்று தெரிந்ததும் அந்தக் குழந்தைகள் அவருக்குப் பரிசு அனுப்பினார்கள். என்ன பரிசு? இரண்டு கம்பளி நாய்ப் பொம்மைகள், மூன்று இளஞ்சிவப்பு மெழுகுவத்திகள், ஒரு தகரத் தட்டு, ஒரு நீலப் பென்சில், கொஞ்சம் மிட்டாய்.

அந்தப் பிள்ளைகள் வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கியிருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். வேறொரு சமயத்தில் யாராவது ஒரு தர்மவான் அவர்களை வரிசையில் நிறுத்தி ரொட்டி கொடுத்திருப்பான். இங்கே அவர்களே கொடுத்தார்கள். உடைமை வேண்டாம் என்று விரதம் பூண்டவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதைப் பத்திரமாக இந்தியாவுக்கும் எடுத்து வந்தார். அவ்வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவர் 'பில்ஸ்னா' என்ற கப்பலில் நடுக்கடலில் இருந்தார். சகபிரயாணிகள் கேட்டுக்கொண்டபடி அதிகாலைப் பிரார்த்தனையில் ஏசுவைப் பற்றிப் பேசினார். சமாதானத்துக்கான பசி தணியாதிருக்கும்வரை கிறிஸ்து இன்னும் பிறக்கவில்லை என்றே கொண்டு அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். 28-ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். ஒரு வாரத்தில் சிறையில் இருந்தார்.

தகரத் தட்டும் நீலப் பென்சிலும் பற்றி யோசிக்க யோசிக்க, நான் செய்த தவறு எங்கே இருந்தது என்பது எனக்கு விளங்கியது. பத்துப் பிள்ளைகளை வாங்குகிறவர்கள் என்றும், மற்ற நானூறு பேரைப் பார்க்கிறவர்கள் என்றும் பிரித்தேன். கொடுக்கும் பாக்கியம் யாருக்குமே கிட்டவில்லை, பிரமுகர் ஒருவரைத் தவிர.

நம் மாநிலத்துப் பெரியவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் நகரசபைப் பள்ளி ஒன்றில் 1920-இல் மத்தியான்னச் சாப்பாடு தொடங்கியது. காமராஜர் காலத்தில், 1956 முதல், அது ராஜ்யமெங்கும் பரவியது. பள்ளிகளுக்கு வேண்டியவற்றை ஊராரே கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளைக் கல்வித் துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் நடத்தினார்கள். அவற்றில் முதலாவது 1958-இல் எங்கள் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில்தான் நடந்தது. பணக்காரர் கட்டடம் கொடுத்தால் மற்றவர் பெஞ்சு கொடுத்தார், மணி கொடுத்தார், கடிகாரம் கொடுத்தார். கொடாதவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். 1983-இல் வந்த இலவச வேட்டி சேலைத் திட்டமோ, வாங்குகிறவருக்குத் துணி, நெய்கிறவருக்கு வேலை என்று இரண்டு முனையிலும் பலன் தருவது. அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்விக்கு அரசாங்கமே ஒருவிதமாகப் பதில் சொல்லியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிற்றுக்கிழமைகளைக் கிறிஸ்தவர்கள் ஆயத்தக் காலமாக அனுஷ்டிக்கிறார்கள். அந்த நாலு வாரமும் எங்கள் மாடிப்படிக்கு அடியில், யாரும் உட்கார்ந்து கவனிக்க முடியாத ஓர் இடத்தில், ஒரு பழைய தகரப் பெட்டியும் கதவில்லாத ஓர் அலமாரியும் இருக்கும். "வைக்கலாம், எடுக்கலாம்" என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். வைக்கிறவர் பெயர் எழுதக் கூடாது. எடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம், ஜாமிட்ரிப் பெட்டி, ஸ்வெட்டர், செருப்பு, குடை, பாடப் புத்தகத் துணைநூல் எல்லாம் வரும். போன வகுப்பு நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தைத்துத் தருகிறார்கள். கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். எழுத அது ஒரு தடையன்று. எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று வகுப்பாசிரியைகளுக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பொருளை அலமாரியில் சேர்த்துவிட்டு, அந்தப் பிள்ளையை ஏதாவது ஒரு வேலையாகப் படிக்கட்டுப் பக்கம் அனுப்புவார்கள்.

பெட்டியில் அரிசி விழும். ஒரு கைப்பிடிதான், அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று விதி. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் சிரமப்படவில்லை. காஞ்சிப் பெரியவர்கள் ஏற்படுத்திய பிடி அரிசித் திட்டத்தை எங்கள் ஊரில் வயதானவர்கள் அறிவார்கள். கிறிஸ்தவப் பெண்மணிகளும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்துத் திருப்பணிக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். பெயர்கூட ஒன்றேதான்! பண்டிகையன்று அந்த அரிசியில் சாம்பார் சாதம் செய்து, ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யாருடைய பிடி யாருடைய இலைக்குப் போயிற்று என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்களிடம் வாங்குவதுண்டு. அந்தப் பணத்தில் பட்டணத்துத் துணி வாங்குவதில்லை. உள்ளூர்த் தறிகளில் நெய்த துணியை நியாய விலைக்கு வாங்கி, உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்துப் பாவாடையும் சட்டையும் தைத்து அலமாரியில் வைக்கிறோம்.

எல்லாம் சுபமாக நடந்ததாக எண்ணிவிட வேண்டாம். முதல் வருஷம் முதல் நாளே பதினோரு ஜாமிட்ரிப் பெட்டிகள் மாயமாயின. வசதியுள்ள வீட்டுப் பையன்களே இரண்டிரண்டு எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பூட்டுப் போட வேண்டும், குறிப்புப் புத்தகம் வைக்க வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சிலர் வாதித்தார்கள். நான் பிராங்கேயின் 27 புத்தகங்களைச் சொல்லித்தான் ஒருவாறு சமாளித்தேன். ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். மாடிப்படிச் சுவரில் தம் தாயாரின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றார். தலைமையாசிரியர் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் மறுத்துவிட்டார். அந்தத் தொகை இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் சில சமயம் தோன்றுகிறது; சரியாகச் செய்தோமா என்ற சந்தேகமும் இல்லாமல் இல்லை. ஒரு தகப்பனார் வந்து, "இது மதத்தில் சேர்ப்பதற்கான ஏற்பாடா?" என்று நேரிடையாகக் கேட்டார். பெட்டியைக் காட்டினேன். சிலுவையோ துண்டுப் பிரசுரமோ இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நம்பினாரா என்று தெரியாது.

2021-ஆம் வருஷம் மறக்க முடியாதது. நவம்பரில் பெய்த பெருமழையில் ஆந்திராப் பக்கத்து நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட, கொசஸ்தலை கரை புரண்டது, தரைப்பாலங்கள் முழுகின. தொற்று நோய்க் காலத்துக்குப் பின் பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கரையோரத்து வீடுகளில் நூல் நனைந்து வீணாயிற்று. அந்த டிசம்பரில் பெட்டி வைப்பதா வேண்டாமா என்றே தயங்கினோம். கொடுக்க யார் இருக்கிறார்கள்? வைத்தோம். முதல் வாரம் அலமாரி காலியாகவே இருந்தது; வைத்தவை மறுகணமே போயின. முந்திய வருஷங்களில் கொண்டுவந்து வைத்த வீடுகளின் பிள்ளைகளும் அவ்வருஷம் எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகந்தான், ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலையில் அலமாரியின் கீழ்த்தட்டில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. பிரித்தால், புதிதாக அறுத்த எட்டுத் துண்டுத் துணிகள். ஒரு பக்கத்தில் மட்டும் லேசாக வெள்ளக் கறை. துவைத்து, கஞ்சி போட்டு, தறிக்காரர் மடிப்பாக மடித்து வைத்திருந்தார்கள்.

என் பீரோவில் இருந்த பழைய துணியையும் அன்றுதான் கொண்டுவந்து அந்தக் கட்டின்மேல் வைத்தேன். மாலையில் ஒன்பதும் போய்விட்டன.

சென்ற டிசம்பர்க் கணக்கு இது: பெட்டியில் சேர்ந்த அரிசி பந்திக்குப் போதவில்லை, தலைமையாசிரியர் வீட்டிலிருந்து மூன்று படி வந்தது. ஸ்வெட்டர்களும் குடைகளும் தீர்ந்தன. தைத்த நோட்டுகளில் கோணல் அதிகமான நாலு மட்டும் நின்றன. அவற்றை நானே எடுத்து மதிப்பெண் குறிக்க வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நம்பர்ச் செருப்பு ஒரு ஜோடி எஞ்சியிருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பார்த்தேன், அதுவும் இல்லை.